டர்பனில் உட்கார்ந்து அயர்லாந்து சர்வரில் வேலை: டெர்மினலில் எதைப் போடலாம், எதை விடலாம்?

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். அம்ஷ்லாங்காவில் ஒரு கம்பெனியில் பேக்கெண்ட் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. விண்டோஸ் லேப்டாப், அதற்குள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் வசதி), அதில் உபுண்டு லினக்ஸ். சர்வர்கள் அயர்லாந்தில். டெர்மினலுக்கு, அதாவது கமாண்டுகளைத் தட்டி வேலை வாங்கும் திரைக்கு, டீமில் ஆளுக்கு ஒரு கருவி சொல்கிறார்கள்: ஓ மை இசட்-ஷெல் போடு, இல்லை ஃபிஷ்ஷுக்கு மாறு, டீமக்ஸ் கற்றுக்கொள், அது பழசு, ஸெல்லிஜ் போடு, எல்லாவற்றையும் விடு, வார்ப் போதும். "எதில் ஆரம்பிக்கிறது அண்ணா? அப்புறம், டெர்மினலில் தமிழ் ஏன் உடைந்து தெரிகிறது?"

இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன். முதல் கேள்விக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்களில் பாதிப்பேருக்கு சர்வர் பக்கத்து ஊரில் இருக்கிறது, கரண்ட் போகாது. அவர்கள் ப்ராம்ப்டின் (கமாண்ட் தட்டும் இடத்துக்கு முன்னால் நிற்கும் வரி) நிறத்தில் தொடங்கலாம். நமக்கு டர்பனில் வேறு இரண்டு தொல்லைகள்: தூரம், கரண்ட். அந்த இரண்டுக்கும் எது உதவுகிறதோ அதில்தான் ஆரம்பிக்க வேண்டும். அழகெல்லாம் பிறகு.

தூரத்தை முதலில் பார்ப்போம். கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். மேற்குக் கரையோரமாக இங்கிலாந்துக்குப் போகும் வாக்ஸ் கேபிளின் நீளம் மட்டும் 14,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப என்றால் வெறும் கேபிளிலேயே 140 மில்லிசெகண்ட் கரைந்துவிடும். நடுவில் ரவுட்டர்கள் வேறு. என் வீட்டிலிருந்து அயர்லாந்துக்கு பிங் (போய்த்திரும்பும் நேரத்தை அளக்கும் கமாண்ட்) கொடுத்தால் 170 மில்லிசெகண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. எவ்வளவு விலை கொடுத்து வேகமான ஃபைபர் வாங்கினாலும் இந்த எண் குறையாது, ஏனென்றால் இது அலைவரிசையின் அகலம் சம்பந்தப்பட்டதில்லை. தூரத்து சர்வருக்குள் நுழையும் வழியான எஸ்எஸ்எச்சில் நீங்கள் ஓர் எழுத்தைத் தட்டினால், அது அயர்லாந்து போய், அங்கிருந்து எதிரொலியாகத் திரும்பி வந்த பிறகுதான் திரையில் தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் அந்தப் பயணம். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கடலில் நான்கு கேபிள்கள் ஒன்றாக அறுந்தன. செங்கடல் பக்கம் சீகாம் கேபிள் அதற்கு முன்பே அறுந்திருந்தது. சீகாம் நம் மாகாணத்தில், மிடுன்சினியில்தான் கரையேறுகிறது. அந்த வாரம் ஒரு சொல்லைத் தட்டிவிட்டு டீயை எடுத்து ஒரு வாய் குடிக்கலாம், அப்புறம்தான் சொல் வரும்.

இதற்கு மருந்து மோஷ். எம்ஐடியில் பிறந்து 2012இல் வெளிவந்தது. நம்மூரில் வேலை செய்கிற பலருக்கு இதன் பெயரே தெரியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். மோஷ் என்ன செய்கிறது என்றால், நீங்கள் தட்டிய எழுத்தை சர்வரின் பதிலுக்குக் காத்திராமல் உடனே திரையில் காட்டிவிடுகிறது. இணைப்பு மெதுவாக இருந்தால் "இது என் ஊகம், இன்னும் உறுதியாகவில்லை" என்பதற்கு அடையாளமாக அடிக்கோடு போட்டுக் காட்டும். சர்வர் ஒப்புக்கொண்டதும் கோடு மறையும். இரண்டாவது வசதி இதைவிடப் பெரியது. எஸ்எஸ்எச் டிசிபி என்ற இணைய நெறிமுறையில் ஓடுகிறது, உங்கள் ஐபி முகவரி மாறினால் செத்துவிடும். மோஷ் யுடிபி என்ற இன்னொரு நெறிமுறையில் ஓடுகிறது, முகவரி மாறினால் கவலைப்படாது. வீட்டில் கரண்ட் போய் ஃபைபர் பெட்டி அணைந்தால், ஃபோனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். சில நொடிகளில் அதே திரை, அதே இடத்தில் கர்சர், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முதல் தடவை பார்த்தபோது நான் நம்பவில்லை, வைஃபையை வேண்டுமென்றே மூன்று முறை அணைத்துப் பார்த்தேன்.

குறைகளும் உண்டு. சர்வரிலும் மோஷ் இருக்க வேண்டும். 60000 முதல் 61000 வரை உள்ள யுடிபி போர்ட்டுகளில் சிலவற்றையாவது திறக்க வேண்டும், அதற்கு கம்பெனி செக்யூரிட்டி ஆட்களிடம் போய் நிற்க வேண்டும். சிலர் யுடிபி என்றாலே முகம் சுளிப்பார்கள். அந்த இடத்தில் எடர்னல் டெர்மினல் என்று ஒன்று இருக்கிறது, டிசிபியிலேயே மறு இணைப்பு செய்யும். ஆனால் முன்கூட்டிக் காட்டும் வித்தை அதில் இல்லை. இன்னொரு குறை: மோஷில் மேலே உருட்டி பழைய வெளியீட்டைப் பார்க்க முடியாது, திரையில் இப்போது இருப்பதை மட்டுமே அது அனுப்புகிறது. பழைய வெளியீட்டை டீமக்ஸ் வைத்திருக்கும், இதனால்தான் மோஷும் டீமக்ஸும் சேர்ந்தே வர வேண்டும்.

சரி, கரண்டுக்கு வருவோம். 2022இல் நான் செய்த ஒரு காரியம். சாட்ஸ்வொர்த் வீட்டில் உட்கார்ந்து, சர்வரில் ஒரு பெரிய டேட்டாபேஸ் மாற்றத்தை வெறும் எஸ்எஸ்எச்சில் ஓட விட்டேன். முக்கால் மணி நேர வேலை. லோட் ஷெடிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) அட்டவணையைப் பார்த்தேன், எங்கள் பகுதிக்கு மாலை ஆறுக்கு. மணி நாலரை. ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே என்று தைரியம். அன்றைக்கு ஸ்டேஜ், அதாவது மின்வெட்டின் அளவு, ஏறிவிட்டது, நாலு ஐம்பதுக்கே கரண்ட் போய்விட்டது. லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, ஆனால் ரவுட்டர் செத்துவிட்டது. சர்வர் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தது. எதிர்முனை இல்லை என்று முடிவுகட்டி, என் ஷெல்லுக்கு (கமாண்டுகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஹேங்கப் சிக்னலை அனுப்பியது. ஷெல் போனது, அதோடு அந்த டேட்டாபேஸ் மாற்றமும் போனது. ஆறாவது டேபிளில் பாதி. இரவு பதினொன்று வரை அதைச் சரிசெய்தேன்.

டீமக்ஸ் இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நிக்கலஸ் மேரியட் 2007இல் எழுதியது. வேலை நடப்பது சர்வரில் ஓடும் டீமக்ஸுக்குள். உங்கள் திரை அதை எட்டிப் பார்க்கும் ஜன்னல் மட்டும். ஜன்னல் மூடினாலும் உள்ளே உலை கொதித்துக்கொண்டிருக்கும். மறுபடி நுழைந்து "டீமக்ஸ் அட்டாச்" என்றால் போதும். இங்கே புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: டீமக்ஸைத் தங்கள் லேப்டாப்பில் தொடங்கி, அதற்குள்ளிருந்து எஸ்எஸ்எச் போடுவார்கள். அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை, எஸ்எஸ்எச் அறுந்தால் அறுந்ததுதான். முதலில் சர்வருக்குள் போங்கள், அங்கே டீமக்ஸைத் தொடங்குங்கள்.

டீமக்ஸின் கான்ஃபிகில் (அமைப்புக் கோப்பு) மூன்றே மாற்றம் செய்தால் போதும். மவுஸை ஆன் செய்யுங்கள். மேலே உருட்டிப் பார்க்கும் வரிகளின் வரம்பான ஹிஸ்டரி-லிமிட் வழக்கமாக 2000 வரிதான், அதை 50,000 ஆக்குங்கள். டீமக்ஸ் கட்டளைகளுக்கு முன்னால் அழுத்தும் முன்விசை கண்ட்ரோல்-பி விரலுக்கு எட்டாமல் இருந்தால் கண்ட்ரோல்-ஏ ஆக்கலாம். ஆனால் வரியின் தொடக்கத்துக்குப் போகும் கண்ட்ரோல்-ஏ பறிபோகும். நான் பி-யிலேயே பழகிவிட்டேன்.

ஸெல்லிஜ் 2021இல் வந்தது, ரஸ்ட்டில் எழுதியது. திரையின் அடியிலேயே எந்த விசை என்ன செய்யும் என்று எழுதிக் காட்டும். புதியவர்களுக்கு அது பெரிய உபகாரம், டீமக்ஸ் அந்த விஷயத்தில் ஊமை. ஆனால் டீமக்ஸ் ஏறக்குறைய எல்லா சர்வரிலும் ஏற்கெனவே இருக்கும், இல்லாவிட்டாலும் ஒரே வரியில் வரும். ஸெல்லிஜைப் போடுவதற்கு அனுமதி கேட்க வேண்டியிருக்கும். சின்ன சர்வரில் அது சாப்பிடும் மெமரியும் உறுத்தும். லேப்டாப்பில் ஸெல்லிஜ், சர்வரில் டீமக்ஸ் என்று வைத்துக்கொண்டால் இரண்டு விசைத்தொகுப்பும் மண்டையில் குழம்பும். என் ஓட்டு டீமக்ஸுக்கே.

கரண்ட் போவதால் வருகிற இன்னொரு இழப்பை யாரும் பேசுவதில்லை: ஹிஸ்டரி. உபுண்டுவின் இயல்பு ஷெல்லான பாஷ், நீங்கள் தட்டிய கமாண்டுகளை மெமரியில் வைத்திருந்து, ஷெல்லை முறையாக மூடும்போதுதான் கோப்பில் எழுதும். டெஸ்க்டாப்பில் வேலை செய்து கரண்ட் போனால், காலையிலிருந்து தேடித்தேடிச் சரிசெய்த அந்த நீளமான கமாண்ட் போயே போச்சு. டீமக்ஸில் நான்கு பேன் (திரையின் பகுதி) திறந்திருந்தால் நான்குக்கும் தனித்தனி நினைவு, ஒன்றில் தட்டியது மற்றதில் தெரியாது. இதற்குப் பணமும் வேண்டாம், கருவியும் வேண்டாம். பாஷின் அமைப்புக் கோப்பான பாஷ்ஆர்சியில் ப்ராம்ப்ட் கமாண்ட் என்ற மாறியில் ஹிஸ்டரியின் அப்பெண்ட் கட்டளையைச் சேர்த்தால், ஒவ்வொரு கமாண்டுக்குப் பிறகும் உடனே எழுதிவிடும். கூடவே, உபுண்டு தருகிற 1000 வரி வரம்பை ஒரு லட்சமாக்குங்கள். இசட்-ஷெல்லில் ஷேர் ஹிஸ்டரி என்று ஒரு ஆப்ஷன், அதை ஆன் செய்தால் போதும்.

அந்த ஹிஸ்டரியைத் தேடத்தான் எஃப்இசட்எஃப். கொரியாவின் ஜுனேகன் சோய் 2013இல் தொடங்கியது. இந்தப் பதிலில் ஒரே ஒரு கருவியைத்தான் போடலாம் என்று யாராவது கழுத்தில் கத்தி வைத்தால் இதைத்தான் சொல்வேன். கண்ட்ரோல்-ஆர் அழுத்துங்கள், நினைவிலிருக்கும் இரண்டு துண்டுகளை எந்த வரிசையிலாவது தட்டுங்கள், பட்டியல் கண் முன்னே சுருங்கிக்கொண்டே வரும். டாக்கரில் போன மாதம் எதையோ ஓட்டினோம், அதில் போஸ்ட்கிரெஸ் என்று வரும் என்ற அளவு ஞாபகம் இருந்தாலே கிடைத்துவிடும். உபுண்டுவில் அதன் பேக்கேஜ் கருவியான ஆப்ட் வழியாகப் போட்டால் இந்த விசைகள் தானாக வராது, பாஷ்ஆர்சியில் ஒரு வரி சேர்க்க வேண்டும். போட்டுவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று கழற்றிப் போட்டவர்கள் இருவரை எனக்குத் தெரியும்.

அட்டுவின் இதன் அடுத்த படி. ஒவ்வொரு கமாண்டையும் எஸ்க்யூலைட் டேட்டாபேஸில் வைக்கும், எந்த ஃபோல்டரில் ஓட்டினீர்கள், எவ்வளவு நேரம் ஆனது, தோற்றதா ஜெயித்ததா என்பதோடு. பல கணினிகளுக்கிடையே சங்கேதமாக்கி ஒத்திசைக்கவும் செய்யும். கம்பெனி லேப்டாப்பில் அந்த ஒத்திசைவை அணைத்தே வையுங்கள். கமாண்ட் வரியில் பாஸ்வேர்டைத் தட்டும் கெட்ட பழக்கம் நம் எல்லோருக்கும் இருக்கிறது. சங்கேதமோ இல்லையோ, அது வீட்டுக் கணினிக்குப் போவது நல்லதில்லை.

இனி ஷெல். இசட்-ஷெல் 1990இலிருந்து இருக்கிறது, ஆப்பிள் 2019இல் மேக்கின் இயல்பு ஷெல்லாக அதை ஆக்கிய பிறகுதான் ஊரெல்லாம் பேச்சு. ஃபிஷ் 2005இல் வந்தது. நிறுவிய நிமிடமே, எதையும் தொடாமல், தட்டத் தட்ட மங்கலான எழுத்தில் மீதியை ஊகித்துக் காட்டும், தப்பான கமாண்டை சிவப்பாக்கும். இசட்-ஷெல்லில் இதே வசதிக்கு இரண்டு பிளகின் தேட வேண்டும். அப்படியென்றால் ஃபிஷ்தானே என்பீர்கள். ஒரு சிக்கல்: அதன் இலக்கணம் வேறு. கடைசி கமாண்டின் விளைவைப் பார்க்க பாஷில் டாலரும் கேள்விக்குறியும், ஃபிஷ்ஷில் டாலர் ஸ்டேட்டஸ். ஹியர்-டாக் (பல வரி உரையை அப்படியே கமாண்டுக்குக் கொடுக்கும் முறை) கிடையாது. டீமில் யாராவது விக்கியில் எழுதிவைத்த துண்டை அப்படியே ஒட்டினால் பாதி நேரம் ஓடாது. ஆறு மாத அனுபவத்தில், தவறு துண்டிலா ஷெல்லிலா என்று கண்டுபிடிப்பதே பாடு. தம்பிக்கு என் யோசனை, ஒரு வருடம் பாஷில் இருங்கள். சர்வரில் இருப்பது அதுதான்.

ஓ மை இசட்-ஷெல் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இசட்-ஷெல்லுக்கான தொகுப்பு அது, 2009இலிருந்து இருக்கிறது, நூற்றுக்கணக்கான பிளகின்கள். கெட்டதில்லை, ஆனால் கல்யாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, இலையில் எல்லாம் விழும், சாப்பிடுவது நாலுதான். என் பழைய லேப்டாப்பில் புதிய டேப் திறக்க ஒன்றரை நொடி ஆனது. இசட்-ஷெல்லின் நேரமளக்கும் கருவி இசட்-பிராஃப் வைத்து அளந்து பார்த்தால் பாதி நேரத்தை நோட்.ஜேஎஸ் பதிப்பு மேலாண்மை ஸ்கிரிப்ட் ஒன்றே விழுங்கிக்கொண்டிருந்தது. பிளகின்களை மூன்றாகக் குறைத்ததும் கால் நொடி.

ப்ராம்ப்டுக்கு ஸ்டார்ஷிப் போடுங்கள், எந்த ஷெல்லுக்கு மாறினாலும் கூடவே வரும். பவர்லெவல்10கே அதைவிட வேகம்தான், ஆனால் இசட்-ஷெல்லுக்கு மட்டும், மேலும் எழுதியவரே 2024இல் இனி புதிய வசதிகள் வராது என்று சொல்லிவிட்டார். டபிள்யூஎஸ்எல்லில் ப்ராம்ப்ட் தடுமாறினால் ஸ்டார்ஷிப்பைத் திட்டாதீர்கள். உங்கள் நிரல் கோப்புகள் விண்டோஸின் சி டிரைவில் இருக்கும். லினக்ஸ் பக்கத்திலிருந்து அந்த டிரைவை எட்டுவது ரொம்ப மெதுவு, கிட் (நிரல் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவி) நிலையைப் பார்க்க ஒவ்வொரு முறையும் அங்கே போய்வருகிறது. கோப்புகளை லினக்ஸ் பக்கத்து ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும். ப்ராம்ப்டில் ஒன்றே ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டும்: புரொடக்ஷன் சர்வரில் (வாடிக்கையாளர்கள் நிஜமாகப் பயன்படுத்துவது) சர்வர் பெயர் சிவப்பில். மற்ற படங்கள் உங்கள் இஷ்டம்.

கோப்புகளுக்குள் தேட ரிப்கிரெப். பழைய தேடல் கமாண்டான கிரெப்பைவிடப் பலமடங்கு வேகம் என்பது உண்மை, விஎஸ் கோடு எடிட்டருக்குள் தேடும்போது உள்ளே ஓடுவதும் இதுதான். ஆனால் கிட் ஒதுக்கச் சொன்ன கோப்புகளையும் மறைந்த கோப்புகளையும் இது கேட்காமலே தாண்டிவிடும். ஒரு கான்ஃபிக் மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று அரை நாள் தேடி, "எங்குமே இல்லை" என்று டீமிடம் அடித்துச் சொல்லி, அது புள்ளி-என்வ் என்ற மறைந்த கோப்பில் சிரித்துக்கொண்டிருந்த கதை எனக்கு உண்டு. யு என்ற கொடியை (ஆப்ஷன்) இரண்டு முறை கொடுத்தால் அவற்றையும் பார்க்கும். கோப்பைப் பெயரால் தேடும் எஃப்டி, கோப்பை வண்ணத்தில் காட்டும் பேட் இரண்டும் நல்லவை. உபுண்டுவில் அந்தப் பெயர்களை வேறு பேக்கேஜ்கள் முன்பே பிடித்துவிட்டதால் எஃப்டிஃபைண்ட், பேட்கேட் என்று தட்ட வேண்டும். ஃபோல்டர் தாவ ஸாக்சைடு. கிட்டுக்கு லேஸிகிட், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள். எல்எஸ், கிரெப் என்ற பழைய கமாண்ட் பெயர்களை இவற்றுக்கு அலியாஸாக (மாற்றுப்பெயராக) மட்டும் வைக்காதீர்கள். நடுராத்திரி புரொடக்ஷனில் உங்கள் அலியாஸ் இருக்காது, விரல் மட்டும் பழைய பழக்கத்தில் கொடிகளைத் தட்டும்.

டெர்மினல் செயலியைப் பொறுத்தவரை விண்டோஸில் விண்டோஸ் டெர்மினலே போதும். கான்ஃபிகை நிரலாகவே எழுத ஆசையிருந்தால் வெஸ்டெர்ம், லூவாவில் எழுதலாம். கோஸ்ட்டி, கிட்டி இரண்டும் அருமை, விண்டோஸுக்கு இல்லை. (கிட்டியை எழுதிய கோவித் கோயல்தான் மின்னூல் செயலி காலிபரையும் எழுதியவர். இந்தியாவில் பிறந்தவர் என்று ஒரு சின்ன சந்தோஷம்.)

வார்ப் வேறு ரகம். வெளியீட்டைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும், ஏஐயிடம் கேட்கலாம். ஆரம்பத்தில் லாகின் இல்லாமல் திறக்காது, 2024 கடைசியில் அந்தக் கட்டாயத்தை எடுத்தார்கள். கருவி நன்றாகவே இருக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், வாடிக்கையாளர் டேபிளிலிருந்து பத்து வரி திரையில் இருக்கிறது, "இந்த எரர் ஏன்" என்று ஏஐயிடம் கேட்கிறீர்கள். அடையாள எண்ணும் ஃபோன் நம்பரும் சேர்ந்தே கடல் கடக்கலாம். தென்னாப்பிரிக்காவின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான போபியாவுக்கு 2021 ஜூலையிலிருந்து பல் இருக்கிறது, தனிநபர் தகவலை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு அதில் தனிப் பிரிவே உண்டு. மேனேஜரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் அலுவலக வேலைக்கு அதைத் திறக்காதீர்கள். டெர்மினலில் ஏஐ வைத்துக்கொள்ளும் எந்தக் கருவிக்கும் இதேதான்.

இப்போது தமிழ். நான் இங்கே ஒரு கோவிலின் தேவாரக் கோப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். பாடுகிறவர்களில் பலருக்குத் தமிழ் எழுத்து வாசிக்க வராது, அதனால் ஒவ்வொரு பதிகத்துக்கும் தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டு கோப்பு. அதனால் இந்த வலி எனக்கு நன்றாகவே தெரியும்.

டெர்மினல் என்பது 1978இன் விடி100 என்ற திரைக்கருவி காலத்துக் கட்டம்போட்ட தாள். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. "கொ" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். சேமிக்கும்போது க முதலில், ஒகரக் குறி அடுத்தது. வரையும்போதோ கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால். கட்டம் கட்டமாக வரைகிற செயலிக்கு இது புரியாது, கொம்பு தப்பான பக்கம் நிற்கும், அல்லது புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். அகலத்திலும் குழப்பம். யூனிகோடில் மெய்யின் புள்ளியும் ஈகாரக் குறியும் இடம் பிடிக்காத வகை, இகரமும் காலும் கொம்பும் இடம் பிடிக்கும் வகை. ஆக "கீ" ஒரு கட்டம், "கி" இரண்டு கட்டம் என்று ஷெல் கணக்குப் போடும், திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அகலம். டெர்மினல் ஒரு கணக்கு, ஷெல் ஒரு கணக்கு, நடுவில் டீமக்ஸ் தன் கணக்கு. பேக்ஸ்பேஸ் தட்டினால் கர்சர் எங்கோ போய் நிற்பது அதனால்தான். அலாக்ரிட்டி என்ற டெர்மினல் எழுத்துகளைக் கோத்து வரைவதே இல்லை, தமிழுக்கு ஆகாது. கிட்டி, வெஸ்டெர்ம், கோஸ்ட்டி மூன்றும் ஹார்ஃப்பஸ் மாதிரி நூலகங்களை வைத்துக் கோக்கின்றன, எழுத்து ஒழுங்காக வரும், அப்போதும் கர்சர் அவ்வப்போது வழுக்கும்.

இதில் முழுமையாகத் தீர்க்கக்கூடியது ஒன்றே ஒன்று. தமிழில் பெயர் வைத்த கோப்பை மாற்றிவிட்டு கிட் ஸ்டேட்டஸ் கேட்டால், பெயருக்குப் பதில் \340\256\225 என்று எண்கள் கொட்டும். அது வேறொன்றுமில்லை, "க" என்ற எழுத்தின் மூன்று பைட்டுகள் எட்டடிமான எண்ணில். கிட்டின் கோர் பகுதியில் கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்குங்கள், பெயர் தமிழிலேயே வரும். மற்றபடி தமிழ்க் கோப்பைத் திருத்த நான் டெர்மினலில் விம் எடிட்டரைத் திறப்பதில்லை. விஎஸ் கோடில் திருத்தி, டெர்மினலில் கமிட் மட்டும் செய்கிறேன்.